விண்ணில் விளையும் மின்சாரம்



விண்வெளியிலிருந்து ஆற்றலைப் பெறுதல் என்றவுடன் அஃது இனிமேல்தான் நிகழவேண்டிய விந்தை என்று எண்ணற்க. நாம் உண்ணும் சோறும், அடுப்பில் எரியும் விறகும், நிலத்தடியிலுள்ள கரியும் கதிரவனின் கொடையே. 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து புறப்படும் அவ்வொளி, சற்றேறக்குறைய 8 நிமிடங்களில் நம்மை வந்தடைகிறது.

அவ்வொளியை நேரே மின்சாரமாக மாற்றும் நிலையமொன்று மதுரைக்குத் தென்கிழக்கே, இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016-ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்துள்ள அதன் திறன் 648 மெகாவாட். ஆயினும், மாலையில் கோரிப்பாளையத்துத் தெருக்களில் விளக்குகள் எரியத் தொடங்கும் வேளையில் கமுதியின் தகடுகள் ஓய்ந்துவிடுகின்றன. நீங்கள் புத்தகத்தை விரிக்கும் நேரத்தில் கதிரவன் இல்லை. இதுவே நம்முன் உள்ள சிக்கல்.

தகடுகளை இரவே இல்லாத இடத்தில் வைத்தால் என்ன? 1968-இல் பீட்டர் கிளேசர் என்னும் பொறியியலறிஞர் இதற்கு ஒரு வழி கூறினார். நிலநடுக்கோட்டிற்கு மேல், ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமியோடு ஒத்துச் சுழல்வதால் ஓரிடத்திலேயே நிற்பதுபோல் தோன்றும். அங்கு மேகமில்லை. ஆண்டில் இரு பருவங்களில் மட்டும் பூமியின் நிழல் அதன்மேல் விழும். அதுவும் நாளொன்றுக்கு 72 நிமிடங்களுக்கு மேற்படாது.

கணக்கிட்டுப் பாருங்கள். அங்கே கதிரவனை நோக்கி நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1,361 வாட் ஒளியாற்றல் விழுகிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 32 யூனிட். நம் ஊர்த் தரையில் கிடைப்பது 5 அல்லது 6 யூனிட்டே.

விண்ணில் விளைந்ததைக் கொண்டுவரக் கம்பி கட்ட இயலாது. ஆகவே மின்சாரத்தை நுண்ணலையாக மாற்றிக் கீழே அனுப்பவேண்டும். நெடுந்தொலைவு வருகையில் அலைக்கற்றை விரியும். 1970-களின் இறுதியில் அமெரிக்க அரசின் எரிசக்தித் துறையும் நாசாவும் வகுத்த 5,000 மெகாவாட் மாதிரித் திட்டத்தில், அலையை வாங்கும் களம் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலமுடையது. கோரிப்பாளையத்தில் தொடங்கினால் அக்களம் யானைமலையையும் தன்னுள் அடக்கிவிடும்! ஆயினும் அஞ்சவேண்டா, களத்தின் நடுவிலும் அலையின் செறிவு நண்பகல் வெயிலின் கால் பங்குக்கும் குறைவாகவே இருக்குமாறு வகுத்திருந்தனர்.

உண்மையான தடை எடையே. அத்திட்டத்தின் செயற்கைக்கோள் குறைந்தது 34,000 டன் எடையுள்ளது. நம் நாட்டின் எல்.வி.எம்.3 ஏவுகலம் அவ்வுயரத்தை நோக்கிய இடைப்பாதையில் ஒருமுறைக்குச் சேர்ப்பது ஏறத்தாழ 4 டன். வகுத்துப் பாருங்கள்: 8,500 முறை ஏவவேண்டும்!

இதற்காக முயற்சி கைவிடப்பட்டதா? இல்லை. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் 2010-இல் அமெரிக்கத் தேசிய விண்வெளிச் சங்கத்தோடு இணைந்து இத்துறைக்கு ஆதரவு திரட்டினார். 2023-இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தார், விண்ணில் சுற்றும் சிறு கருவியொன்றில் ஓர் அடித் தொலைவுக்கு நுண்ணலை செலுத்தி இரு சிறு விளக்குகளை எரித்தனர். ஓர் அடி எங்கே, 36,000 கிலோமீட்டர் எங்கே! எனினும் தொடக்கம் தொடக்கமே.

தரையிலும் இதற்குப் போட்டி உண்டு. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில், மின்சாரம் மிகுந்த வேளையில் நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும் வேளையில் இறக்கி 400 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கிறார்கள். பகலின் வெயிலை இரவுக்குச் சேமிக்கும் இத்தகைய வழிகளும் மின்கலங்களும் மலிந்துகொண்டே போனால், விண்ணுக்கு ஏறவேண்டிய தேவை குறையும். தகடுகளின் எடையும் ஏவும் செலவும் பன்மடங்கு இறங்கினால், விண்வழி வெல்லும்.

எனவே, "முடியுமா?" என்பதன்று கேள்வி. "ஒரு யூனிட் என்ன விலைக்கு வரும்?" என்பதே கேள்வி. அதற்கு விடை காணும் பொறுப்பு, இன்று மாலை விளக்கொளியில் இயற்பியல் படிக்கும் உங்களுடையது.