நீரில் நின்றும் தாகம்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவி, தாவரவியல்

மழை வேண்டாம் என்பார் நம் நாட்டில் இல்லை. ஆயினும் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால், கொல்லையில் நாலு செடி வைத்திருப்பவர் மனம் படும் பாடு சொல்லி முடியாது. வெயிலில் வாடும் செடிக்கு ஒரு குடம் நீர் போதும். நீரிலேயே நின்று வாடும் செடிக்கு எதை ஊற்றுவது?

எங்கள் ஊர் கடலூர் மாவட்டத்துச் சிற்றூர். வீட்டின் பின்னே சிறு கொல்லை. அதில் அம்மா கனகாம்பரம் வளர்த்து, பூவைத் தொடுத்து முழக்கணக்கில் விற்கிறார். என் புத்தகங்களும் தேர்வுக் கட்டணமும் அந்தப் பூவிலிருந்து வருபவை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. அதையொட்டிப் பெய்த மழையில் கொல்லையில் கணுக்கால் அளவு நீர் மூன்று நாள் நின்றது. தெருவை உயர்த்திச் சாலை போட்டபின் எங்கள் கொல்லை பள்ளமாகிவிட்டது. நீர் போக வழியில்லை.

நீர் வடிந்தபின் இரண்டு நாள் நல்ல வெயில். மேல்மண் காய்ந்து ஏடு கட்டியது. செடிகளோ தலை தொங்கின. "வெயில் தாங்கலடி, தண்ணி கேக்குது" என்று அம்மா குடத்தை எடுத்தார். நானும் என் பங்குக்குத் தூருக்கு ஒரு பிடி யூரியா வைத்தேன். நாற்பது கனகாம்பரத்தில் பிழைத்தவை ஆறு. மூலையில் நின்ற பப்பாளி இரண்டும் அதற்கு முன்பே சாய்ந்திருந்தன. வேரும் சுவாசிக்கும் என்று பள்ளியிலேயே எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான் நான். ஆனால் பாடம் வேறு, கொல்லை வேறு என்றே இருந்துவிட்டேன்.

நல்ல தோட்ட மண்ணின் கன அளவில் ஏறத்தாழப் பாதி வெற்றிடமே. அந்த இடத்தை நீரும் காற்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. மழைநீர் தேங்கும்போது காற்று முழுவதும் வெளியேறிவிடுகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். ஆகவே மிஞ்சியிருக்கும் சிறிது ஆக்சிஜனை வேரும் மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளும் ஓரிரு நாளில் தீர்த்துவிடுகின்றன. பிறகு வேர் நொதித்தல் முறையில் காலம் தள்ள வேண்டியதுதான். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து காற்றுச் சுவாசத்தில் சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும், நொதித்தலில் இரண்டுதான். முப்பது ரூபாய்க் கூலியில் நடந்த குடும்பம் இரண்டு ரூபாயில் எத்தனை நாள் ஓடும்?

இதைவிட வியப்பானது மற்றொன்று. வேர்ச் செல்களின் சவ்வில் அக்வாபோரின் என்னும் புரதங்களாலான நுண்ணிய நீர்வாயில்கள் உள்ளன. ஆக்சிஜன் இல்லாத நிலையில் செல்லின் உட்பகுதி அமிலத்தன்மை அடைய, இவ்வாயில்கள் மூடிக்கொள்கின்றன. 2003இல்தான் இது தெளிவாக விளக்கப்பட்டது. சுற்றிலும் நீர் இருந்தும் வேரால் அதைப் போதிய அளவு உறிஞ்ச முடியவில்லை. மழை விட்டு வெயில் அடித்ததும் இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்குகின்றன, கீழிருந்து வரவு இல்லை, செடி தொங்கிவிடுகிறது. எங்கள் கனகாம்பரம் தாகத்தால்தான் வாடியது என்று அம்மா சொன்னது ஒருவகையில் உண்மை. ஆனால் அதற்கு வேண்டியிருந்தது காற்று.

என் யூரியாவும் வீண்தான். ஈரம் ஊறிய மண்ணில் நைட்ரேட்டைச் சில பாக்டீரியாக்கள் நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றில் விட்டுவிடும். மூச்சுத் திணறும் வேர் உரத்தை எடுக்கும் நிலையிலும் இல்லை. பைதியம், பைட்டோப்தோரா போன்ற அழுகல் நோய்க் கிருமிகளுக்கோ இதுவே நல்ல காலம். அவற்றின் வித்துகள் நீரில் நீந்திச் சென்று வேரைப் பற்றுபவை.

அப்படியானால் நெல் எப்படி நிற்கிறது என்று கேட்கலாம். அதன் தண்டிலும் வேரிலும் காற்றறைத் திசு உண்டு. இலைவழி வரும் ஆக்சிஜன் அதனூடே வேர்நுனிவரை இறங்குகிறது. எங்கள் மாவட்டத்துப் பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் அவிசினியா மரம் சேற்றுக்கு மேலே சுவாச வேர்களை நீட்டிக்கொண்டிருப்பதைத் தாவரவியல் மாணவர் ஒருமுறையேனும் நேரில் பார்க்க வேண்டும். கனகாம்பரத்துக்கும் மிளகாய்க்கும் அந்த வசதி இல்லை.

எனவே முதல் வேலை நீரை வெளியேற்றுவது. சரிவு பார்த்து ஒரு சாண் ஆழ வாய்க்கால் வெட்டிவிட்டால் பாதி வெற்றி. வெட்டும்போது செடிகளுக்கிடையே நடமாடக் கூடாது. ஈர மண்ணை மிதித்தால் எஞ்சிய காற்றறைகளும் நசுங்கிவிடும். உடனே கொத்துவதும் தவறு. ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பாருங்கள். கொழுக்கட்டையாக நின்றால் பொறுத்திருக்கலாம். புட்டுப்போல் உதிர்ந்தால் களைக்கொத்தால் மேலாகக் கொத்தி ஏட்டை உடைக்கலாம். தூரில் மூடாக்கு இருந்தால் விலக்கிவிட வேண்டும். சாய்ந்த செடிக்கு முட்டுக்கொடுத்து, இரண்டு நாள் தென்னங்கீற்று நிழல் தந்தால் இலையின் நீர்ச்செலவு குறையும். புதுத் தளிர் தெரிந்தபின், லிட்டருக்கு 10 கிராம் யூரியா கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். தூர் அழுகல் கண்டால் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து ஊற்றுவது வழக்கம்.

தொட்டிச் செடிக்கு, அடித்துளையைக் குத்திவிட்டுச் செங்கல்மேல் ஏற்றி வைத்தால் போதும். அடியில் ஜல்லி போட்டால் நீர் வடியும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் மண்ணும் ஜல்லியும் சேருமிடத்தில் நீர் தங்கிவிடுவதால் ஈரம் வேருக்கு நெருங்கி வருகிறது. களிமண்ணில் இரண்டு கூடை மணல் கொட்டுவதும் இப்படித்தான்; மக்கிய எரு போடுவதே மேல்.

மழைக்கு முன் ஓரடிக் குழி வெட்டி நீர் நிரப்பி, அது வடிந்தபின் மறுபடி நிரப்பிப் பார்க்கலாம். மறுநாள் காலையிலும் நீர் நின்றால் அங்கே மேட்டுப்பாத்திதான். என் பாட்டி காலத்தில் கனகாம்பரத்தைப் பாரின்மேல்தான் நட்டார்களாம். நீர் பாய்ச்ச எளிதென்று மேட்டைச் சமன் செய்தவர்கள் நாங்களே.

இவ்வாண்டு முழங்கால் உயரப் பார் அணைத்து, எஞ்சிய ஆறிலிருந்து எடுத்த குச்சிகளை நட்டோம். ஐப்பசி மழையில் வாய்க்கால் நிறைந்து ஓடியது; செடிகள் மேட்டில் நின்றன. மூன்றாம் நாள் வெயிலில் ஓரத்துச் செடி ஒன்று லேசாகத் தொங்கியதும் அம்மா வழக்கம்போல் குடத்தை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, குடத்தைக் கீழே வைத்து, மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். உள்ளே இன்னும் ஈரமாக இருந்தது.