வட்டமடித்தால் வடக்கு தெரியும்

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். காரின் உள்கண்ணாடியில் இருக்கும் திசைகாட்டி, வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் ‘வடக்கு’ என்றே காட்டுகிறதாம். சென்சாரையே மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறாராம். கடிதத்தின் கடைசி வரியில்தான் விஷயம் இருந்தது: போன மாதம் காந்தத்தில் ஒட்டும் மொபைல் ஹோல்டர் ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார்.

பூமியின் காந்தப்புலம் நம் பக்கத்தில் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. பிரிட்ஜில் ஒட்டும் சாதாரண காந்தமே, ஒட்டியிருக்கும் இடத்தில் இதைப்போல நூறு மடங்கு இழுக்கும். ஹோல்டரில் இருப்பது அதைவிடப் பலமான நியோடிமியம். சின்ன காந்தத்தின் பிடி, தூரம் இரண்டு மடங்கானால் எட்டில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்பது ஒன்றே ஆறுதல்.

இந்தத் திசைகாட்டிகளைச் சரிசெய்ய, திறந்த மைதானத்தில் வண்டியை மெதுவாக வட்டமடிக்கச் சொல்வார்கள். வெறும் சம்பிரதாயம்போலத் தெரியும். ஆனால் நான் மிகவும் ரசிக்கும் இயற்பியல் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது.

தட்டின் அடியில் புளி ஒட்டிய தராசை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கை இடது தட்டில் வைத்து ஒருமுறை, வலது தட்டில் வைத்து ஒருமுறை நிறுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சரக்கு இடம் மாறுகிறது, புளி மாறுவதில்லை. காரிலும் அதே கதை. ஹோல்டர் வண்டியோடு சேர்ந்து திரும்பும், பூமி திரும்பாது. ஹோல்டரின் புலம் எப்போதும் பானட்டை நோக்கி 60 என்று வையுங்கள். வண்டி வடக்கே பார்க்கும்போது பூமியின் 40 அதோடு சேர்ந்து 100. தெற்கே திரும்பினால் 60-இல் 40 போக 20. இரண்டிலும் புலம் பானட் பக்கமே இருப்பதால், இரண்டு முறையும் ‘வடக்கு’ என்கிறது கருவி. வாசகரின் புதிர் இதுதான்.

இப்போது இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள்: 60. புளியின் எடை தெரிந்துவிட்டது! இனி ஒவ்வொரு அளவிலும் அதைக் கழித்தால் மிஞ்சுவது பூமி. முழு வட்டம் என்பது, குடைராட்டினம்போலச் சுற்றிலும் தட்டுகள் தொங்கும் தராசு. ஒரே சரக்கு ஒவ்வொரு தட்டிலும் ஏறி இறங்குகிறது. ஒட்டிய புளி எந்தப் பக்கம், எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிகிறது. காரின் இரும்புக்கூடு பூமியின் புலத்தை வளைப்பது வேறு சங்கதி. அங்கே தராசுக்கோலே கொஞ்சம் நெளிகிறது, வட்டம் நீள்வட்டமாகிவிடும்.

இரும்புக் கப்பல்கள் வந்த காலத்திலேயே இந்தத் தலைவலி தொடங்கிவிட்டது. 1838-இல் ‘ரெயின்போ’ என்ற கப்பலைத் திசைதிசையாகத் திருப்பி அளந்து, ஈடுகட்டும் காந்தங்களை வைத்துச் சரிசெய்தவர் ஜார்ஜ் ஏரி. வரலாறு இவ்வளவு போதும்.

அமெரிக்கக் கார்களில் வட்டமடிப்பதோடு, மண்டல எண் ஒன்றையும் தேர்ந்தெடுக்கச் சொல்வதுண்டு. சியாட்டிலில் காந்த ஊசி உண்மையான வடக்கிலிருந்து சுமார் 15 பாகை கிழக்கே விலகுகிறது. மெய்ன் மாநிலத்தில் கிட்டத்தட்ட அதே அளவு மேற்கே. தமிழ்நாட்டில் விலகல் இரண்டு பாகை அளவுதான். காந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கம் போவதால் இங்கே புலம் ஏறக்குறைய முழுதும் தரையோடு படுத்திருக்கிறது. வட கனடாவில் அது செங்குத்தாகப் பாய்வதால் திசைகாட்டிக்குக் கிடைப்பது சொற்பம். இதே ஹோல்டர் அங்கே இன்னும் அதிகமாகக் குழப்பும்.

‘காந்தத்தைத் தடுக்கும்’ ஸ்டிக்கர்களை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். நிலையான காந்தப்புலத்தை வழிதிருப்பத்தான் முடியும்; அதற்கு வைக்கும் இரும்புத்தகடும் புதிய தொல்லை. ‘தானே சரிசெய்துகொள்ளும்’ என்ற விளம்பரத்துக்கும் எல்லை உண்டு. பலமான காந்தம் பக்கத்திலேயே இருந்தால் சென்சார் தன் அளவுகோலின் நுனியில் முட்டி நின்றுவிடும்; கழிப்பதற்கு எண்ணே கிடைக்காது. போட்டால் வந்து அணைத்தால் போகும் மின்னோட்டமும் வட்டத்தில் அகப்படாது. 10 ஆம்பியர் ஓடும் ஒற்றைக் கம்பி, 10 சென்டிமீட்டர் தள்ளி 20 மைக்ரோடெஸ்லாவை உண்டாக்கும். பூமியில் பாதி!

என் காரில், காந்த அளவு காட்டும் செயலியைத் திறந்து போனைக் கண்ணாடியருகே பிடித்துப் பார்த்தேன். ஹோல்டரை நெருங்க நெருங்க எண் நூறுகளுக்குத் தாவியது; இறங்கி நாலடி தள்ளி நின்றதும் நாற்பதுக்குத் திரும்பியது. கோவை வாசகரும் முதலில் ஹோல்டரைக் கழற்றட்டும். பிறகு மேம்பாலமும் இரும்புக் கூரையும் இல்லாத இடமாகப் பார்த்து, கையேட்டில் சொன்னபடி அளவுத்திருத்தத்தைத் தொடங்கி மெதுவாகச் சுற்றட்டும். அதற்கும் மசியாவிட்டால் சென்சாரைப் பற்றிப் பேசலாம். ஹோல்டரைத் திரும்ப மாட்டுவதானால் கண்ணாடியிலிருந்து எட்ட மாட்டி, இன்னொரு முறை சுற்ற வேண்டும்.