முதியவர்கள் கைக்கு வேலை தந்த இலைகள்
ஜப்பான் மலைக் கிராமத்தின் அனுபவம்

படித்த பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட, நிலத்தைக் கவனிப்பது வயதான பெற்றோர் என்ற நிலை பல நாடுகளில் ஏற்பட்டு வருகிறது. இதில் வெகுதூரம் சென்றுவிட்ட நாடு ஜப்பான். 2020-ம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, அங்கு விவசாயத்தையே முக்கியத் தொழிலாகக் கொண்டவர்களின் சராசரி வயது 67.8. பத்துப் பேரில் ஏறக்குறைய ஏழு பேர் 65 வயதை எட்டியவர்கள்.

வெள்ளிக் கிண்ணம்

முதியோரைப் போற்றும் நாள் ஜப்பானில் 1966 முதல் தேசிய விடுமுறையாக உள்ளது. நூறு வயதை எட்டுவோருக்கு அரசு வெள்ளிக் கிண்ணம் பரிசளிக்கும் வழக்கம் 1963-ல் தொடங்கியது. அந்த ஆண்டு நாடு முழுவதும் நூறு வயது கண்டவர்கள் 153 பேரே. 2024-ல் இது 95,119 ஆகிவிட்டது. செலவு கட்டுப்படியாகாமல் 2009-ல் கிண்ணத்தின் அளவு குறைக்கப்பட்டது. 2016 முதல் அசல் வெள்ளிக்குப் பதில் வெள்ளி முலாம் பூசிய கிண்ணமே தரப்படுகிறது.

அபூர்வமாக இருந்தவரை முதுமை பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வீடு முதியவர்கள் பெருகியதும் அது செலவுக் கணக்காகிவிட்டது. ஆனால் ஒரு கிராமத்தில் இதற்கு மாறாக நடந்தது.

பனியில் கருகிய தோட்டம்

ஷிகோகு தீவில், தொகுஷிமா மாவட்டத்தின் மலைப்பகுதியில் உள்ளது காமிகாட்சு. 1950-ல் 6,000-க்கு மேல் இருந்த மக்கள்தொகை இன்று 1,500-க்கும் குறைவு. பாதிக்கு மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள். கமலா ஆரஞ்சு இனமான மிக்கான் பழமே அவர்களுக்குச் சோறு போட்டது. 1981 பிப்ரவரியில் கடுங்குளிர் தாக்கி மரங்கள் பட்டுப்போயின.

அங்கு விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில் ஆலோசகராக இருந்த தொமோஜி யோகோய்ஷி, உணவு விடுதிகளில் தட்டை அலங்கரிக்க இலைகளும் பூக்களும் வைப்பதைக் கவனித்தார். ஊரில் கொட்டிக் கிடக்கும் இலையை விற்கலாமே என்றார். இலைக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று ஊரார் முதலில் நம்பவில்லை. 1986-ல் சிலரை மட்டும் வைத்துத் தொழில் தொடங்கியது.

பளு இல்லாத வேலை

நமக்கு இலை சாப்பாட்டைத் தாங்குவது. அங்கே அது சாப்பாட்டுக்கு அழகு சேர்ப்பது. ஆகவே புழு அரிக்காத, ஒரே அளவுள்ள இலைகளாகப் பொறுக்கி அடுக்க வேண்டும். இதற்குத் தோள் வலிமை தேவையில்லை. பொறுமையும், எந்த இலை எப்போது நிறம் மாறும் என்ற அனுபவமும் போதும். பட்டுப்போன தோட்டத்திலும் வீட்டைச் சுற்றியும் மேப்பிள் முதலிய மரங்களை நட்டார்கள். இன்று 300-க்கும் மேற்பட்ட வகைகள் விற்பனையாகின்றன. வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். சராசரி வயது சுமார் 70.

ஆர்டரும் சந்தை விலையும் கம்ப்யூட்டரில் வருகின்றன. விற்பனையில் தாங்கள் எத்தனையாவது இடம் என்பதையும் பாட்டிமார்கள் அதிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். ‘வயதாகிவிட்டது, சும்மா இருங்கள்’ என்று அவர்களிடம் சொல்ல ஆளில்லை. தொழிலைக் கற்க வெளியூர் இளைஞர்களும் வருகிறார்கள். ஆயினும் ஊரின் மக்கள்தொகை குறைவது நின்றுவிடவில்லை. மாறியது, முதியவர்களை ஊர் பார்க்கும் பார்வையும் அவர்கள் தங்களையே பார்க்கும் பார்வையும்தான்.

நாம் கவனிக்க வேண்டியவை

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர். நாமும் இலை விற்கக் கிளம்ப வேண்டியதில்லை. பின்வருவனவற்றை மட்டும் யோசிக்கலாம்:

1. பண்ணை வேலைகளில் பளுவானதையும் இலகுவானதையும் பிரித்துக்கொள்ளவும். விதை பொறுக்குதல், நாற்றுப் பராமரிப்பு, பூ கட்டுதல், காய்கறி தரம் பிரித்தல், வரவு செலவு எழுதுதல் ஆகியவை முதியவர்களுக்கு ஏற்றவை.

2. வாங்குபவர் யார் என்று தெரிந்துகொண்ட பிறகே புதிய பயிரில் இறங்கவும்.

3. வேலையை விரும்புகிற முதியவர்களுக்கு மட்டும் கொடுக்கவும். உடல் இடம் கொடுக்காதவர்களை வற்புறுத்தக் கூடாது.

4. முதியவர்கள் உழைத்த வருமானத்தை அவர்கள் கையிலேயே கொடுக்கவும். மகனிடம் காசு கேட்டு நிற்காத பெற்றோருக்கு வீட்டில் தனி மரியாதை உண்டு.