பாக்கெட்டில் சர்க்கரை எதற்கு?

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் சர்க்கரை இருப்பது தெம்புக்காக இல்லை. ருசிக்காகவும் இல்லை. மருந்துக் கடையில் நின்று இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "அண்ணே, எனக்குச் சுகர் இருக்கு, சர்க்கரை போடாத ஓ.ஆர்.எஸ். இருந்தா குடுங்க" என்பார் ஒருவர். "உப்பும் சர்க்கரையும்தானே? ரெண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏத்தினாத்தான் தம்பி எழுந்து உக்கார முடியும்" என்று பாக்கெட்டைத் திருப்பித் தந்துவிட்டுப் போவார் இன்னொரு அம்மா. இரண்டு பேருக்கும் பதில் ஒன்றுதான். அந்தப் பதில் நம் குடலின் ஒற்றைச் செல்லுக்குள் இருக்கிறது.

பாக்கெட்டின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். மொத்தம் 20.5 கிராம். சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9, குளுக்கோஸ் 13.5. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்று சரிக்குச் சரியாக நிற்கும். இது 2002-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் திருத்தி வெளியிட்ட அளவு. கைக்கு வந்தபடி போட்ட அளவு இல்லை.

சிறுகுடலுக்குள் ஒரு நாளில் எட்டு ஒன்பது லிட்டர் திரவம் வந்து சேர்கிறது. நாம் குடித்தது, சாப்பிட்டது எல்லாம் சேர்த்து அதில் இரண்டு லிட்டர்தான். மீதி எச்சில், இரைப்பை நீர், பித்த நீர், கணைய நீர், குடலே சுரப்பது. இத்தனையிலும் மலத்தோடு வெளியே போவது நூறு, இருநூறு மில்லி. மற்றதை எல்லாம் குடல் செல்கள் ரத்தத்துக்குத் திருப்பிவிடுகின்றன. இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகினாலே வயிற்றுப்போக்குதான்.

தண்ணீரை நேராக இறைக்கும் பம்ப் எந்தச் செல்லிலும் கிடையாது. உப்பு போகும் பக்கம் தண்ணீர் போகும். பள்ளிக்கூடத்தில் சவ்வூடு பரவல் என்று படித்தோமே, அதுதான். ஆகவே செல் உப்பை நகர்த்துகிறது. குடல் செல்லின் ரத்தப் பக்கச் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கும். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ 1957-இல் நண்டின் நரம்பில் இதைக் கண்டறிந்து எழுதினார். நோபல் பரிசு வந்து சேர்ந்தது 1997-இல். சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு பம்புக்கே போகிறது.

எதற்கு இவ்வளவு செலவு? மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டியை நிரப்பி வைத்துவிட்டால், பிறகு கரண்ட் போனாலும் குழாயில் தண்ணீர் வரும் இல்லையா? அதே ஏற்பாடு. பம்ப் ஓயாமல் வெளியேற்றுவதால் செல்லுக்குள் சோடியம் வெளியே இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். அதனால் எந்த வழி கிடைத்தாலும் சோடியம் உள்ளே பாயத் துடிக்கும். அந்தப் பாய்ச்சலைச் செல் வேறு வேலைக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. குடலின் உள்பக்கச் சவ்வில் எஸ்.ஜி.எல்.டி.1 என்றொரு புரதம் உண்டு. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் அதில் சேர்ந்து வந்து ஒட்டினால்தான் உருவம் மாறி உள்ளே விடும். குளுக்கோஸ் மட்டும் வந்தால் நடக்காது. உள்ளே வந்த குளுக்கோஸ் வேறொரு புரதத்தின் வழியாக ரத்தத்துக்குப் போகிறது, சோடியத்தைப் பம்ப் அனுப்பி வைக்கிறது, பின்னாலேயே தண்ணீர். ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் இந்த ஜோடிப் பயணத்தை முதன்முதலில் விளக்கினார். பாக்கெட்டில் இருக்கும் சர்க்கரையின் வேலை இதுதான்: உப்பை உள்ளே கூட்டிப் போவது.

இது எத்தனை பெரிய விஷயம் என்று தெரிய காலராவைப் பார்க்க வேண்டும். காலராக் கிருமி குடல் சுவரைத் துளைப்பதில்லை, அரிப்பதில்லை. ஒரு நஞ்சை மட்டும் சுரக்கிறது. கல்கத்தாவில் சம்பு நாத் டே என்ற நோயியல் மருத்துவர் முயலின் குடலில் சோதித்து இதை நிரூபித்தார். 1959-இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. நோபல் பரிசுக்கு அவர் பெயரை மரபியலாளர் ஜோஷுவா லெடர்பெர்க் போன்றவர்கள் முன்மொழிந்தும் கிடைக்கவில்லை. நம் ஊர்ப் பாடப் புத்தகங்களிலாவது அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

அந்த நஞ்சு செய்வது இதுதான். வெளியிலிருந்து ஒரு ஹார்மோனோ வேறு சமிக்ஞையோ வந்து செல்லின் மேல் படும்போது, சவ்வை ஒட்டியிருக்கும் ஜி புரதம் விழித்துக்கொள்ளும். அது ஒரு நொதியைத் தூண்டும். நொதி சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சின்ன மூலக்கூறைச் செய்து செல்லுக்குள் பரப்பும். சேதி போய்ச் சேர்ந்ததும் ஜி புரதம் தானாகவே ஓய்ந்துவிடும். காலரா நஞ்சு ஜி புரதத்தின் அந்த ஓயும் திறனைக் கெடுத்துவிடுகிறது. அனுப்பாத சேதி வந்துகொண்டே இருக்கிறது. சைக்ளிக் ஏ.எம்.பி. குவிகிறது, குளோரைடு வெளியேறும் பாதைகள் திறந்தபடியே நிற்கின்றன. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியமும் தண்ணீரும் கூடவே போகின்றன. கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை போய்விடும். காலையில் வேலைக்குப் போனவர் இரவுக்குள் இறந்துபோகும் வேகம் இது.

ஆனால் இத்தனை கலவரத்திலும் எஸ்.ஜி.எல்.டி.1 தன் வேலையை நிறுத்துவதில்லை. வெறும் தண்ணீர் குடித்தால் நிற்காது, உப்புத் தண்ணீர் குடித்தாலும் போதாது. உப்போடு குளுக்கோஸும் சேர்ந்தால் அந்த ஒரு வழி திறந்திருக்கிறது. டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1968-இல் காலரா நோயாளிகளுக்கு வாய்வழியாகவே இதைக் கொடுத்துக் காட்டினார்கள். அப்போதும் பல டாக்டர்கள் நம்பவில்லை. நம்ப வைத்தது 1971. வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகள் பன்காவ் முகாமில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள், காலரா பரவியது, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பொறுப்பிலிருந்த டாக்டர் திலீப் மஹலானபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, டிரம்மில் கரைத்து வைத்து, நோயாளியின் அம்மாவையும் அண்ணனையுமே குவளையால் மொண்டு கொடுக்கச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் காலமானார். பத்ம விபூஷண் 2023-இல் அறிவித்தார்கள். இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் குடலில் இல்லை, சிறுநீரகத்தில் இருக்கிறது. வயிற்றுப்போக்கில் ரத்தத்தின் நீர் குறைந்ததும் மூளை கண்டுகொள்கிறது. தாகம் எடுக்கிறது, கூடவே வாசோபிரசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது சிறுநீரகத்தின் சேகரிப்பு நாளச் செல்களைத் தொட்டதும் உள்ளே உண்டாவது எது தெரியுமா? அதே சைக்ளிக் ஏ.எம்.பி.தான். குடலில் தண்ணீரைக் கொட்ட வைத்த அதே மூலக்கூறு இங்கே தண்ணீரைக் காப்பாற்றுகிறது. செல்லுக்குள் சின்னப் பைகளில் காத்திருக்கும் அக்வாபோரின் என்ற நீர்ப் பாதைகளை மேற்பரப்புக்கு நகர்த்துகிறது. அவற்றின் வழியே தண்ணீர் ரத்தத்துக்குத் திரும்புகிறது. ஒரே சேதிதான், எந்தச் செல் கேட்கிறது என்பதைப் பொறுத்துப் பலன் மாறுகிறது. வயிறு போகும்போது சிறுநீர் குறைந்து கரும் மஞ்சளாக வருவது உடல் தன் சமநிலையைக் காக்கப் போராடுவதன் அடையாளம். சுத்தமாக நின்றுபோனால் அந்தப் போராட்டம் தோற்கிறது என்று பொருள்.

சுகர் இருக்கிறது என்று கேட்டவருக்கு வருகிறேன். லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். அதையும் ஒரே மூச்சில் குடிக்கப் போவதில்லை. குளுக்கோஸை எடுத்துவிட்டால் பாக்கெட்டே வீண். குடிக்கலாம், சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் அவர் டாபாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்பேன். எஸ்.ஜி.எல்.டி.1-க்குச் சிறுநீரகத்தில் எஸ்.ஜி.எல்.டி.2 என்று ஒரு தம்பி உண்டு. அவனைத் தடுத்துச் சர்க்கரையைச் சிறுநீரில் போக விடுவதுதான் அந்த மாத்திரையின் வேலை. சர்க்கரையோடு தண்ணீரும் போகும். வயிறு போகிற நாளில் அதை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் போன் போட்டாவது கேட்டுவிட வேண்டும்.

நம் வீடுகளில் உப்புப் போட்ட கஞ்சி கொடுப்பார்கள். அதற்கும் நியாயம் இருக்கிறது. அரிசியின் மாவுச்சத்து குடலில் உடைந்தால் குளுக்கோஸ்தானே. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் கொழுப்பு அமிலங்களாக மாறி, அங்கேயும் சோடியத்தையும் தண்ணீரையும் உறிஞ்ச வைத்தது. வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது. 2000-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது அது.

எனக்குக் கோபம் வருவது டப்பாவில் வரும் பழரசப் பானங்கள்மேல்தான். சர்க்கரை ஏராளம், சோடியம் பெயருக்கு. ரத்தத்தைவிட அடர்த்தியான திரவம் குடலுக்குள் போனால் தண்ணீர் எதிர்ப்பக்கம், ரத்தத்திலிருந்து குடலுக்கு வரும், வயிற்றுப்போக்கு கூடும். இப்படிப்பட்ட பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தைப் பெயரில் ஒட்டிக்கொண்டு பல வருஷம் விற்றன. 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையம் அதற்குத் தடை போட்டது. பாட்டிலின் முன்பக்கத்தை நம்பாதீர்கள், பின்பக்கத்தில் உலக சுகாதார நிறுவன அளவு என்று இருக்கிறதா பாருங்கள்.

பெரிய பாக்கெட்டை முழுதாக, ஒரு லிட்டர் ஆறிய கொதிநீரில் கரையுங்கள். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் தூள் என்று கிள்ளிப் போட்டால் அளவு கெட்டுவிடும். 200 மில்லிக்கு என்று போட்ட சின்ன பாக்கெட்டும் கிடைக்கிறது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், மிஞ்சினால் கொட்டிவிடுங்கள். குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகத் தொடங்குங்கள். இது வயிற்றுப்போக்கை உடனே நிறுத்தாது. போன தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கும், உயிர் போவது அந்தத் தண்ணீர் போவதால்தான். குழந்தைக்கு டாக்டரிடம் கேட்டுத் துத்தநாக மாத்திரையும் வாங்குங்கள். கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குடிக்கவே முடியாமல் துவண்டாலோ காத்திருக்காதீர்கள். டிரிப்ஸ் அப்போதுதான் வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.