கள்ளி பெரியவளா, காப்பவள் பெரியவளா?

பந்து கையை விடுமுன் ஓடினால் 'அவுட்'!

"ஓடு! திருடு!"

பயிற்சியாளர் கத்துகிறார். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பாய்ந்து ஓடுகிறாள். போலீஸ் வராது, கைதட்டல்தான் வரும்!

அமெரிக்காவில் சிறுமிகள் ஆடும் 'சாப்ட்பால்' மைதானங்களில் இது அன்றாடக் காட்சி. 1887-ல் சிகாகோ நகரில் பிறந்த ஆட்டம் இது. நம் நாட்டிலும் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் இடம் பெற்றிருக்கிறது.

என்ன திருட்டு என்கிறீர்களா?

மைதானத்தில் சதுரமாக நாலு 'பேஸ்'. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் 60 அடி. பந்தை அடித்துவிட்டு ஒவ்வொரு பேஸாக ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரு ஓட்டம். ஆனால் சில கெட்டிக்காரிகள் பந்தை யாரும் அடிக்காதபோதே அடுத்த பேஸுக்குப் பாய்ந்துவிடுவார்கள். அதுதான் திருட்டு. சட்டப்படி செல்லும்!

எப்போது கிளம்பலாம்?

இதில்தான் கண்டிப்பு. பந்து வீசும் பெண் 'பிட்சர்'. அவள் கையை விட்டுப் பந்து கிளம்பும் வரை, ஓடுகிறவள் கால் பேஸிலேயே இருக்க வேண்டும். முன்னாடியே கிளம்பினால் அம்பயர் 'அவுட்' கொடுப்பார். அந்தப் பந்தும் கணக்கில் சேராது.

2019 ஐ.பி.எல். நினைவிருக்கிறதா? பந்து போடும் முன்பே கோட்டைத் தாண்டிய பட்லரை நம்ம அஸ்வின் அவுட்டாக்கினார். "செய்தது சரி", "தப்பு" என்று டீக்கடை வரை சண்டை. சாப்ட்பாலில் அந்தச் சண்டைக்கே வழியில்லை. பிட்சர் பழி சுமக்க வேண்டாம். அம்பயரே பார்த்துச் சொல்லிவிடுவார்.

சின்னஞ்சிறுசுகளுக்குச் சில ஊர்களில் இன்னும் கெடுபிடி. பந்து மட்டைக்காரியைத் தாண்டிய பிறகுதான் ஓடலாம். கடைசி பேஸைத் திருடவே கூடாது என்றெல்லாம் வைத்திருக்கிறார்கள். காரணம் உண்டு. குழந்தைகளுக்குக் குறி பார்த்து வீச வராது. பந்துக்கு ஒரு பேஸ் என்று திருடிக்கொண்டே போனால், மட்டையில் பந்து படாமலே ஓட்டம் குவிந்துவிடும்!

யார் குற்றம்?

திருட்டு நடந்ததும் எல்லோரும் பாய்வது 'கேட்சர்' மேல். மட்டைக்காரிக்குப் பின்னால் முகமூடி போட்டு உட்கார்ந்திருக்கும் சிறுமி அவள். "உன்னாலதான் போச்சு!" என்று சொந்த அப்பாவே திட்டுவதும் உண்டு. பிள்ளை அழுதுவிடுகிறது.

இது நியாயமா? கணக்குப் போடுவோம்.

12 வயதுப் பிரிவில் பிட்சர் நிற்பது 40 அடி தூரத்தில். மணிக்கு 72 கிலோ மீட்டர் வேகத்தில் வீசினாலும், பந்து வந்து சேர அரை விநாடிக்கு மேல் ஆகும். பிடித்து எழுந்து எறிய ஒரு விநாடி. அங்கிருந்து இரண்டாவது பேஸ் ஏறக்குறைய 85 அடி. அதே வேகத்தில் எறிந்தால் 1.3 விநாடி. ஆகக் கூடி மூன்று விநாடி. நல்ல ஓட்டக்காரிக்கு 60 அடி ஓடவும் ஏறக்குறைய அவ்வளவுதான்!

பிட்சர் மெதுவாக வீசினாலோ, பந்து தரையில் குத்தினாலோ, பேஸில் பிடிக்க ஆள் இல்லாவிட்டாலோ கேட்சர் என்ன செய்வாள், பாவம்?

எப்படிப் பிடிப்பது?

• ஓட்டக்காரி கிளம்பியதும் பக்கத்து ஆட்டக்காரிகள் "போறா! போறா!" என்று குரல் கொடுக்க வேண்டும்.

• கேட்சர் முதலில் காலை நகர்த்தித் திரும்ப வேண்டும். பிறகே எறிய வேண்டும். ஆளைப் பார்த்து எறியக் கூடாது. பேஸைக் குறி வைக்க வேண்டும். ஒரு குத்துக் குத்திப் போனாலும் பரவாயில்லை.

• பிடிக்கிறவள் பேஸுக்கு முந்தி வந்து, கையுறையைத் தாழ வைக்க வேண்டும். கையில் பந்தில்லாமல் வழியை மறித்தால் அவள் மேல்தான் குற்றம்.

• அவளும் தவறவிட்டால் பிடிக்க, பின்னால் இன்னொருத்தி ஓடி வர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது பேஸோடு மூன்றாவதும் போச்சு!

இன்னொரு பூட்டும் உண்டு. பிட்சரைச் சுற்றி 16 அடி குறுக்களவில் ஒரு வட்டம். பந்தோடு அவள் அதற்குள் வந்துவிட்டால், பேஸை விட்டு வெளியே நிற்கிறவள் உடனே முன்னே போக வேண்டும். அல்லது திரும்ப வேண்டும். நடுவில் நின்று விளையாட்டுக் காட்டினால் அவுட்! ஆனால் பிட்சர் எறிவதுபோல் பாவனை செய்தால் பூட்டு திறந்துகொள்ளும். பேசாமல் பந்தை வைத்துக்கொண்டு நிற்பதே புத்தி.

ஆக, காவல் என்பது ஒருத்தி வேலையல்ல. வீசுகிறவள், பிடிக்கிறவள், பேஸில் நிற்கிறவள், பின்னால் ஓடி வருகிறவள் என நாலு பேர் வேலை. திருட்டுப் போனால் நாலு பேருக்கும் பங்கு உண்டு.

முகமூடிக்குள் இருக்கும் பிள்ளையை மட்டும் திட்டாதீர்கள், அப்பாமார்களே!