பல்லாங்குழியும் ஒரு வைத்தியம்!

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு மாமி இருக்கிறார். மார்கழி பிறந்தால் அவர் வாசல் கோலத்தைப் பார்ப்பதற்கென்றே அந்த வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள், தளிகை உள்ளில் தீர்த்தக் குடத்தைத் தூக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். திருச்சி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"சாதத்தைக்கூட மாட்டுப்பெண் ஊட்ட வேண்டியிருக்கு. இனிமே நான் என்னத்துக்குடீ?" என்று மாமி கண்ணீர் விட்டதை நானே பார்த்தேன்.

இருபது நாளில் கை நேராகிவிடும் என்று சொல்லி எண்ணெய் தடவ ஒருவர் வந்தார். வாசலில் போர்டு மாட்டித் தொழில் நடத்துகிறவர். பணமும் போயிற்று, பொன்னான இரண்டு மாதமும் போயிற்று.

அப்புறம்தான் அந்தப் பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். மருந்துப் பெட்டி கிடையாது, ஊசி கிடையாது. பரணில் தூங்கிய பல்லாங்குழியை இறக்கச் சொன்னாள்! சோழிகளை வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் போடச் சொன்னாள். மாவு பிசையச் சொன்னாள். கரண்டிப் பிடியில் துணியைச் சுற்றிப் பருமனாக்கிக் கொடுத்தாள்.

"பல்லாங்குழி ஆடவாடீ காலேஜிலே படிச்சே?" என்றார் மாமி.

"ஆமாம் மாமி, நாலு வருஷத்துக்கு மேலே!" என்று சிரித்தாள் அவள்.

அந்தப் படிப்புக்குப் பெயர் ஆக்குபேஷனல் தெரபி. அன்றாட வேலைகளையே மருந்தாக்கும் வைத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பக்கவாதத்தில் கெடுவது கையல்ல; மூளையில் அந்தக் கையை ஆட்டி வைக்கும் பகுதி. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால், மூளையின் மற்ற பகுதிகள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பொறுப்பை ஏற்கின்றன. நல்ல கையாலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டால், நோயுற்ற கை வேலையையே மறந்துவிடும். முதல் சில மாதங்கள்தான் மிக முக்கியம்.

இந்த வைத்தியத்துக்கு ஒரு சங்கம் பிறந்த கதை சுவாரசியமானது. 1917 மார்ச் மாதம், அமெரிக்காவில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஆறே பேர் கூடினார்கள். கூட்டியவர் ஜார்ஜ் பார்ட்டன். டாக்டர் அல்ல, கட்டடக் கலைஞர். நோயினால் இடது பக்கம் செயலிழந்து, கைவேலைகள் செய்தே தேறியவர். வந்தவர்களில் எலினார் ஸ்லேகிள் உள்பட மூன்று பேர் பெண்கள். அந்த ஆறு பேர் தொடங்கியதுதான் இந்தத் துறையின் முதல் தேசியச் சங்கம்.

அந்த விதையை நம் நாட்டுக்குக் கொண்டு வந்தவரும் ஒரு பெண்மணிதான். 1900-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் பிறந்த எலிசபெத் லண்டி, விஷ்ணு நிம்ப்கர் என்ற இந்தியரைக் கைப்பிடித்தார். 1930-ல் பம்பாயில் கல்யாணம். புகுந்த வீட்டில் அவர் கமலா ஆனார்! குழந்தை குட்டி என்று ஆன பிறகு, நாற்பது வயதைத் தாண்டி, மறுபடியும் அமெரிக்கா போய் மாணவியாக உட்கார்ந்து இந்தத் தொழிலைக் கற்றார். நாற்பதைத் தாண்டினால் இனி என்ன படிப்பு என்று பெருமூச்சு விடுகிற சகோதரிகள் கவனிக்க வேண்டும்.

திரும்பி வந்து, 1950-ல் பம்பாய் கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். ஆசியாவிலேயே முதல் பள்ளி அது. 1952-ல் அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் சங்கத்தை நிறுவினார். அதே வருஷம் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் உலக சம்மேளனம் உருவானபோது, அதைத் தோற்றுவித்த பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. சுதந்திரம் வந்து ஐந்தே வருஷம்!

சங்கம் எதற்கு, நோயாளியைக் கவனித்தால் போதாதா என்று கேட்கலாம். உத்தர வீதி மாமியைக் கேளுங்கள், பதில் சொல்வார். யார் முறையாகப் படித்தவர், யார் வெறும் போர்டு மாட்டியவர் என்று நோயாளிக்குத் தெரியாது. என்ன படிக்க வேண்டும், எத்தனை நாள் பயிற்சி வேண்டும், எது ஒழுங்கு, எது தவறு என்று தொழில் செய்கிறவர்களே கூடி வரம்பு கட்டினால்தான் நோயாளி பிழைப்பார்.

நம் தமிழ்நாட்டில் வேலூரிலும் இதே எண்ணம் வேரூன்றியது. 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே ஆபரேஷன் செய்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டதற்கு அவரே உயிர்நாடி.

2021-ல்தான் நாடாளுமன்றம் இத்தகைய தொழில்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள், பிசியோதெரபிஸ்டுகள் முதலியவர்களுக்குத் தேசிய ஆணையமும் பதிவேடும் வேண்டும் என்கிறது அது. கமலா நிம்ப்கர் 1979-லேயே காலமாகிவிட்டார். இதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

ஆகவே வீட்டுக்கு வைத்தியம் செய்ய வருகிறவரிடம், எங்கே படித்தீர்கள், எந்தப் பட்டம், எதில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முறையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். இத்தனை நாளில் குணமாகும் என்று சத்தியம் செய்கிறவரிடம் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள்.

மாமியின் செய்தி கேட்க வேண்டாமா? இந்த மார்கழி முதல் நாள் விடிவதற்கு முன் வாசலுக்கு வந்துவிட்டார். மாட்டுப்பெண் பக்கத்தில் நாற்காலியோடு காவல். ஐந்து புள்ளிக் கோலம்தான். இழை நடுங்கியிருந்தது, ஒரு புள்ளி வரிசை தப்பி நின்றது.

"கோணல்தான், இருக்கட்டும். என் கையால போட்டது" என்றார் மாமி.

அன்று அந்தத் தெருவில் அதைவிட அழகான கோலம் எனக்குத் தென்படவில்லை.