வளர்ற வயசு முடிஞ்சாச்சு... ஆபிஸ் டிரஸ்ஸை இனி அளவா எடுக்கலாமா?

“வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசாவே எடுங்க.”

தமிழ்நாட்டில் ஜவுளிக்கடைப் படி ஏறிய எந்தக் குழந்தையும் இந்த வசனத்தைக் கேட்காமல் இறங்கியிருக்காது. ஜூனில் எடுத்த யூனிஃபார்ம் அடுத்த ஏப்ரல் வரை தாங்க வேண்டும். தீபாவளிச் சட்டை பொங்கலுக்கும், முடிந்தால் அடுத்த தீபாவளிக்கும் ஆக வேண்டும். கைக்கும் வாய்க்குமான வருமானத்தில் குடும்பம் நடத்திய வீடுகளில் அது நியாயமான கணக்குதான். சிக்கல் என்னவென்றால், வளர்ச்சி நின்று நாலைந்து வருடம் ஆன பிறகு, முதல் வேலைக்குச் சட்டை எடுக்கப் போகும்போதும் அதே கணக்கு கூடவே வருகிறது. தோளைத் தாண்டித் தொங்கும் தையல், பாதி உள்ளங்கையை மூடும் கஃப், ஷூ மேல் மடிந்து விழும் பேன்ட். போட்டிருப்பவர் நல்ல பிராண்டுக்குத்தான் பணம் கொடுத்திருப்பார். பார்ப்பவர் கண்ணுக்கு அது அண்ணன் சட்டை.

இன்னொரு கோஷ்டி நேர் எதிர். ‘ஸ்லிம் ஃபிட்’ என்று போட்டிருந்தால் போதும், மூச்சை இழுத்துப் பிடித்தாவது மாட்டிக்கொள்வார்கள். மீட்டிங்கில் உட்கார்ந்ததும் இரண்டு பட்டன்களுக்கு நடுவே ஜன்னல் திறக்கும்.

இதில் பணமும் இருக்கிறது. வேலைக்கான உடையை முதல் சம்பளம் வருவதற்கு முன்பே வாங்கியாக வேண்டும். அதாவது பெரும்பாலும் அப்பா காசில், அல்லது நண்பனிடம் வாங்கிய கடனில். அப்படி வாங்கிய மூன்று சட்டையில் இரண்டு அலமாரியிலேயே தொங்கினால், அந்த நஷ்டம் சின்னதில்லை. பிராண்டுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தை டைலருக்கு ஒதுக்கினால் இதில் பாதி பிரச்சினை தீரும்.

லேபிளில் இருக்கும் 40 எதனுடைய அளவு?

ஆண்களின் ஃபார்மல் சட்டையில் 38, 39, 40, 42, 44 என்று எண்கள் இருக்கும். பல பிராண்டுகளில் இது கழுத்தளவு, சென்டிமீட்டரில். வேறு சில பிராண்டுகளில் 38, 40, 42 என்பது மார்பளவு, அங்குலத்தில். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்களாக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஒரு எளிய அடையாளம் உண்டு: கடையில் 39 என்ற சைஸ் இருந்தால், அது பெரும்பாலும் கழுத்தளவுக் கணக்கு. லேபிளில் பொடி எழுத்தில் ‘செ.மீ.’ போட்டிருக்கிறதா என்று பார்த்தால் சந்தேகமே வேண்டாம்.

அதனால்தான் ஒரு கடையில் 40 கச்சிதமாக இருந்தவருக்கு இன்னொரு கடையின் 40 செட் ஆவதில்லை. உடம்பு ஒன்றும் மாறிவிடவில்லை.

எஸ், எம், எல் கதை இன்னும் மோசம். அது ஒவ்வொரு நிறுவனமும் தானே போட்டுக்கொள்ளும் எழுத்து. இந்தியாவில் விற்கும் பல ரெடிமேடுகளின் அளவு அட்டவணைக்கு மூலம் அமெரிக்க, ஐரோப்பிய உடல்வாகு. இந்தியர்களுக்கென்று தனி அளவு வேண்டும் என்பதற்காகவே மத்திய ஜவுளி அமைச்சகமும் நிஃப்ட் நிறுவனமும் ‘இந்தியா சைஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கின. 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை 3டி ஸ்கேனரில் அளப்பது என்று திட்டம். தேர்ந்தெடுத்த ஆறு நகரங்களில் தெற்கிலிருந்து பெங்களூரும் ஹைதராபாத்தும் உண்டு, சென்னை இல்லை.

அளவு பிளவுஸ் தெரியும், அளவு சட்டை?

பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் எந்தப் பெண்ணும் டைலரிடம் ‘நான் எம் சைஸ்’ என்று சொல்வதில்லை. நன்றாகப் பொருந்திய பழைய பிளவுஸ் ஒன்றைக் கொடுத்து, “இதே அளவுக்கு, கை மட்டும் அரை இன்ச் கூட வைங்க” என்பார். அம்மாக்கள் பல தலைமுறையாகச் செய்துவரும் இந்த வேலை, ஆன்லைனில் சட்டை வாங்கும் பிள்ளைகளுக்கும் அப்படியே பொருந்தும்.

வீட்டில் இருப்பதிலேயே உடம்புக்குச் சரியாக உட்காரும் சட்டை அல்லது குர்தியைத் தரையில் விரித்து, தையல்காரர் டேப்பால் நாலு அளவு எடுத்தால் போதும். ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை. ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை. இதை இரண்டால் பெருக்கினால் உடையின் மார்பளவு. தோளிலிருந்து கை நுனி வரை. காலரின் அடியிலிருந்து கீழ் ஓரம் வரை. நாலையும் போனில் குறித்துவைத்துக்கொண்டு ஆன்லைன் அட்டவணையோடு ஒப்பிடலாம். ஒன்று மட்டும் பார்க்க வேண்டும்: அட்டவணையில் இருப்பது உடம்பின் அளவா, உடையின் அளவா? மார்பு 38 அங்குலம் உள்ளவருக்குச் சாதாரண ஃபிட் சட்டை 42 அங்குலம் வரை இருக்கும். கையை நீட்டவும் மூச்சு விடவும் அந்த இடைவெளி தேவை. இந்த வித்தியாசம் தெரியாமல் 38 என்று ஆர்டர் போட்டுவிட்டு, ‘டைட்டா வந்துடுச்சு’ என்று ரிட்டர்ன் அனுப்புபவர்கள் ஏராளம்.

டைலரால் முடிந்ததும் முடியாததும்

கடையின் டிரையல் ரூமில் முதலில் பார்க்க வேண்டியது தோள். சட்டையின் தோள் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். அது கீழே இறங்கினாலும், கழுத்துப் பக்கம் ஏறினாலும் அந்தச் சட்டையை வைத்துவிடலாம். ஏனென்றால் தோளைச் சரிசெய்ய கையைப் பிரித்து மறுபடி ஏற்ற வேண்டும். அந்த வேலைக்கு ஆகும் கூலிக்கும் நேரத்துக்கும் வேறு சட்டையே பார்க்கலாம். காலரும் அப்படித்தான். மேல் பட்டனைப் போட்ட பிறகு இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் எந்த டைலரும் காப்பாற்ற மாட்டார்.

மற்றபடி பக்கவாட்டில் பிடிப்பது, கை நீளத்தைக் குறைப்பது, பேன்ட் அடியை மடிப்பது எல்லாம் பஜாரில் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் டைலர் அண்ணன் அன்றைக்கே முடித்துத் தரும் வேலை. பேன்ட் இடுப்பை ஓரளவு பிடிக்கலாம். விடுவது உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பேன்ட்டின் உட்புறம் பின் தையலைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். இடுப்பிலிருந்து தொடை பிரியும் இடம் வரையிலான உயரம் சரியில்லை என்றால் மட்டும் எதுவும் செய்ய முடியாது. அதை நின்றுகொண்டே பார்த்தால் தெரியாது. உட்கார்ந்து பார்க்க வேண்டும், பைக்கில் கால் போடுவது போல ஒரு முறை காலைத் தூக்கியும் பார்க்க வேண்டும். டிரையல் ரூமில் யார் பார்க்கப் போகிறார்கள்?

600 ரூபாய் சட்டைக்கு 100 ரூபாய் ஆல்டரேஷன் என்று வைத்துக்கொள்வோம். அந்த 700 ரூபாய்ச் சட்டை, பொருந்தாத 1,800 ரூபாய்ச் சட்டையைவிட நன்றாகத் தெரியும். எண்ணிக்கையும் அதிகம் வேண்டாம். வெள்ளை, வெளிர் நீலம், சின்னக் கோடு போட்டது என்று மூன்று சட்டை; கருநீலம், சாம்பல் என்று இரண்டு பேன்ட். மாற்றி மாற்றிப் போட்டால் ஆறு ஜோடி, ஒரு வாரம் ஓடிவிடும். கல்யாண ரிசப்ஷனுக்கு எடுத்த பளபள சட்டையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பெண்களுக்கு வேறு கவலைகள்

குர்தியில் கோளாறு பெரும்பாலும் கைக்குழியில்தான். அது இறுக்கமாக இருந்தால் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்ததும் மொத்த உடையும் மேலேறும். பெரிதாக இருந்தால் உள்ளாடை தெரியும். கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் பில் போட வேண்டும். பக்கவாட்டு வெட்டு இடுப்புக்கு மேலே தொடங்குகிறதா என்பதும் உட்கார்ந்தால்தான் தெரியும். வெளிர் நிறத் துணி கடை விளக்கில் ஒரு மாதிரியும் வெயிலில் வேறு மாதிரியும் இருக்கும். அதனால் துணிக்குப் பின்னால் கையை வைத்து வாசல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. தினமும் சேலை கட்டுபவர்களுக்கு, அதன் விலையைவிட பிளவுஸின் உள்ளே விட்டிருக்கும் துணிதான் முக்கியம். இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் விட்டுத் தைத்திருந்தால் உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் அதே பிளவுஸ் நாலு வருடம் வரும். ஆனால் டைலரிடம் கொடுக்கும் அளவு பிளவுஸ் கல்லூரிக் காலத்தது இல்லையே?

பாக்கெட் விஷயத்தில் கடைக்காரர்கள் இன்னும் திருந்தவில்லை. ஐடி கார்டு, போன், மெட்ரோ கார்டு மூன்றையும் கையிலேயே பிடித்துக்கொண்டு லிஃப்டில் நிற்க வேண்டியிருக்கிறது. குர்தியின் பக்கத் தையலில் ஒரு பை வைத்துத் தருவது டைலருக்குக் கஷ்டமான வேலையில்லை. கேட்டால் வைத்துத் தருவார்கள்.

எந்த ஆபிஸுக்கு எது?

‘ஃபார்மல்’ என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம் கிடையாது. தமிழ்நாடு தலைமைச் செயலக ஊழியர்களுக்கான 2019-ம் ஆண்டு ஆணை, ஆண்களுக்குச் சட்டையும் ஃபார்மல் பேன்ட்டும் அல்லது வேட்டி, பெண்களுக்குச் சேலை அல்லது துப்பட்டாவுடன் சல்வார், சுடிதார் என்றது. 2024-ல் துணை முதல்வர் உதயநிதி ஸ்டாலின் டி-ஷர்ட் அணிவதை இந்த ஆணையைக் காட்டி எதிர்த்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கே வந்தது. வேட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. 2014-ல் சென்னையில் ஒரு கிளப்புக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதியையே உள்ளே விடவில்லை. அதே ஆண்டில் வேட்டிக்குத் தடை போடுவதைத் தடுக்கும் சட்டம் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியது.

ஐடி பக்கம் காற்று எதிர்த் திசையில் அடித்தது. 2015 ஜூனில் இன்ஃபோசிஸ், வாரம் முழுக்க பிசினஸ் கேஷுவல் போதும் என்று தளர்த்தியது. இன்று ஓஎம்ஆரில் ஒரே கட்டடத்தில் ஒரு மாடியில் டக்-இன், அடுத்த மாடியில் ஹூடி. தொழிற்சாலையில் இது அழகு சார்ந்த விஷயமே இல்லை. ஓடும் இயந்திரத்தின் அருகே ஆய்வு செய்பவர் உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. ஒரகடத்தில் டிரெய்னியாகச் சேரும் பொறியாளருக்குத் தொளதொள கையும் பறக்கும் துப்பட்டாவும் ஆபத்து.

ஆகவே யூகிக்க வேண்டாம். ஆஃபர் லெட்டர் அனுப்பிய எச்ஆருக்கே ‘டிரஸ் கோடு என்ன?’ என்று ஒரு வரி மெயில் போடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நிறுவனத்தின் லிங்க்ட்இன் பக்கத்தில் இருக்கும் விழாப் படங்களைவிட, சாதாரண வேலைநாள் படங்கள் உண்மையைச் சொல்லும். எதுவும் தெரியாத பட்சத்தில் முதல் வாரம் கொஞ்சம் ஃபார்மலாகப் போய்விட்டு, அப்புறம் டீமைப் பார்த்து இறங்கிவரலாம். மேனேஜரைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். 15 வருட சர்வீஸில் அவர் செருப்போடு வருவார். அந்தச் சலுகை புதிதாகச் சேர்ந்தவருக்குக் கிடைக்காது.

சென்னை வெயிலுக்கு எந்தத் துணி?

லேபிளில் துணியின் கலவை விகிதம் இருக்கும். பாலியஸ்டர் அதிகமானால் கசங்காது, ஆனால் வியர்வையை உறிஞ்சாது. மே மாதம் மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் வருவதற்குள் வித்தியாசம் தெரிந்துவிடும். முழுக் காட்டன் குளிர்ச்சி, ஆனால் தினமும் இஸ்திரி கேட்கும். பேச்சிலர் ரூமில் இஸ்திரிப் பெட்டி இல்லாதவருக்குக் காட்டன் அதிகமுள்ள கலப்புத் துணிதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ‘ரிங்கிள் ஃப்ரீ’ காட்டனில் பல வகைகள் ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பிசினால் பதப்படுத்தப்பட்டவை. அரிப்பு வரும் உடம்பு என்றால் துவைக்காமல் போடக் கூடாது. வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை பனியன் போட்டால் கோடு தெரியும். தோல் நிறத்துக்கு நெருக்கமானதோ சாம்பலோ போட்டால் தெரியாது.

துவைப்பதும் ஆல்டரேஷனும் எது முந்தி என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காட்டன் முதல் துவைப்பில் சுருங்கும். 40 அங்குல நீளமுள்ள பேன்ட் 3 சதவீதம் சுருங்கினாலே ஓர் அங்குலத்துக்கு மேல் போய்விடும். கடையிலிருந்து நேரே டைலரிடம் கொடுத்து மடித்தது, மறு வாரம் கணுக்காலுக்கு மேல் நிற்கும். துவைத்த பிறகோ கடைக்காரர் மாற்றித் தர மாட்டார். அதனால் வீட்டுக்கு வந்ததும் டேக்கைப் பிய்க்காமல், ஆபிஸுக்குப் போடப்போகும் அதே ஷூவுடன் அரை மணி நேரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, நடந்து பார்க்க வேண்டும். திருப்பித் தருவதென்றால் அப்போதே. வைத்துக்கொள்வதென்றால் ஒரு துவைப்பு, பிறகு டைலர். இதற்கெல்லாம் நேரம் வேண்டும் என்பதால், ஜாயினிங் தேதிக்கு முதல் நாள் சாயங்காலம் ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இடிபடாமல், பத்து நாள் முன்னாடியே போய்விடுவது நல்லது.